கிளி போட்ட விலாசச் சீட்டு

காகிதத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. பெரிய தாளை விலாசச் சீட்டுக்காக வெட்டும்போது ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சும். மற்ற அச்சாபீசுகளில் அதை அடுப்பில் போடுவார்கள். நான் சேர்த்து வைப்பேன். என் வாக்குமூலத்தை ரைட்டர் ஐயா இப்போது எழுதுகிற தாளிலும் இடது பக்கம் தேவைக்கு மேல் இடம் விட்டிருக்கிறார். குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டது, சொன்னேன்.

என் பெயர் பால்சாமி. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏஜெண்டு ஆபீசின் பின்கட்டில் ஒரு கையச்சு மெஷின் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அதற்கு நான்தான் ஆள். எழுத்துக் கோப்பதும் நான், மை தடவுவதும் நான், கைப்பிடியை இழுப்பதும் நான். மலையிலிருந்து ஏலக்காய் இறங்கி, தரம் பிரித்து, பெட்டியில் அடைத்து ஆணி அறைந்த பிறகு என் சோலி தொடங்கும். பம்பாய், விருதுபட்டி, மதுரை என்று எந்தப் பெட்டி எங்கே போக வேண்டுமோ அந்த விலாசத்தை அச்சடித்து ஒட்டுவேன். பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவேன், பூச்சி அரிக்காது. நான் சீட்டு ஒட்டிய பெட்டி ஒன்றுகூட இதுவரை வேறு ஊருக்குப் போனதில்லை. ஏஜெண்டைக் கேட்டுப் பாருங்கள். என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை அவர் மறுக்கமாட்டார்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு என் பெண்டாட்டி கருத்தம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் மகள் மருதாயிக்கு ஏழு வயசாக இருந்தபோது கருத்தம்மா காய் எடுக்க மலைக்குப் போனாள். வேண்டாம் என்றேன். ஊரே போகுது, நான் போனா என்ன என்று போனாள். இருபதாம் நாள் நாலு பேர் டோலியில் தூக்கிவந்து என் வாசலில் இறக்கினார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். வயிறு கல்லாக வீங்கியிருந்தது. சித்திரை வெயிலில் வீட்டிலிருந்த துணி எல்லாவற்றையும் மேலே போட்டும் "குளிருது, குளிருது" என்றே சொல்லிக்கொண்டு மூன்றாம் நாள் செத்துப்போனாள். மலைக்காய்ச்சல் கண்டவனைத் தூக்க அவனவன் ஊர்க்காரன்தான் போக வேண்டும், ஐயா, அது இந்தப் பக்கத்து வழக்கம். வேற்றூரான் தொடமாட்டான். கருத்தம்மாவை எங்கள் தெருக்காரர்கள் போய்த் தூக்கி வந்தார்கள். அதனால் அவள் முகத்தையாவது பார்த்தேன்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். மருதாயியின் கால் மலையில் படக்கூடாது. அது தப்பான முடிவு என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளையை ஆபீசுக்கே கூட்டிப் போவேன். மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து கீழே சிந்திய எழுத்துகளைப் பொறுக்கிக் கொடுப்பாள். படிக்கத் தெரியாது, ஆனாலும் எந்த எழுத்து எந்தக் குழியில் போக வேண்டும் என்று உருவத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். மதுரையில் தொழில் பழகியபோது நான் வாங்கிவந்த மரக்கட்டை ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகையின் தலையில் போடுகிற கிளி. மூக்கில் ஒரு பூங்கொத்து வைத்திருக்கும். அதில் மையைத் தொட்டுத் தன் கையெல்லாம் கிளியாகக் குத்திக்கொண்டு வந்து நிற்பாள். அடிக்கக் கை ஓங்குவேன், சிரித்துவிடுவாள், அதோடு சரி. அவள் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது. உலகத்தில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

தேவாரத்தில் வாக்கப்பட்ட என் அக்கா ஆயம்மாள். அவள் மகன் பேச்சிமுத்து. உரிமைப் பையன், கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொடுத்தேன். பத்திரிகையை நானே அடித்தேன், தலையில் அந்தக் கிளியைப் போட்டேன். பேச்சிமுத்து நல்ல பையன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, அதிர்ந்து பேசமாட்டான். அவனுக்கும் எனக்கும் ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை.

காளயுக்தி வருஷம், போன ஆனி மாசம், மழை ஏமாற்றிவிட்டது. நின்ற கொஞ்ச நஞ்சச் சோளத்தையும் ஆனை இறங்கி மிதித்துவிட்டது. தேவாரத்தில் பதினோரு பேர் சேர்ந்து மலைக்குப் போவதாக முடிவு செய்தார்கள். போடிமெட்டு தாண்டி ஒன்றரை நாள் நடை, ஏலத்தோட்டம். அதில் பேச்சிமுத்துவும் ஒருவன். புறப்படுவதற்கு முந்தின நாள் ஆபீசுக்கு வந்து என் மெஷின் பக்கத்தில் நின்றான்.

"மாமா, முன்னால நான் போறேன். ஒரு குடிசையப் போட்டுட்டுக் கடுதாசி போடுறேன். கடுதாசி வந்ததும் மருதாயிய மேல அனுப்பிருங்க."

"கடுதாசிய யாரு எழுதுவா மாப்ளே?" என்றேன்.

"தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதுவாராம். ஆனா வெலாசம் சொல்லத் தெரியலைன்னா வைவாராம். அதான் ஒங்ககிட்ட வந்தேன். எங்க வீட்டு வெலாசத்த அச்சடிச்சுக் குடுங்க. ஒட்டிக்கிருவேன்."

"எத்தனை வேணும்?"

"நீங்க பாத்துக் குடுங்க. ஆங், மாமா, மருதாயி பேர அச்சுல போட்டுற வேணாம். நாலு பேரு கையில பொழங்குற சீட்டு. பொம்பளப் பேரு அதுல கெடந்து சீரழிய வேணாம். மேல எடம் விட்டுருங்க, கணக்கப்பிள்ளை மையால எழுதிக்கிருவாரு."

கௌரவமான பேச்சு. எங்கள் சனத்தில் பெண்டாட்டி பெயரை வாயால் சொல்லவே கூசுவார்கள், அச்சில் எப்படிப் போடுவது. நல்லது மாப்ளே என்றேன். சோளக்கதிர் நாலு கொண்டுவந்திருந்தான். ஆனை மிதித்ததில் மிஞ்சியதாம்.

அவன் வெளியே போனதும் எழுத்துக் கோக்க உட்கார்ந்தேன். மேலே ஒரு வரி வெற்றிடம். அதற்குக் கீழே "தேவாரம், ஆயம்மாள் வீடு" என்றுதான் கோத்தேன். கோத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தச் சீட்டு ஒட்டிய கடிதம் ஒன்று மலையிலிருந்து இறங்கும், தேவாரம் போகும், யாராவது படித்துக் காட்டுவார்கள், என் பிள்ளை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறுவாள். டோலியில் இறங்குவாள். பத்து எழுத்தைப் பிரித்து எடுத்துவிட்டு வேறு எழுத்து வைத்தால் இது நடக்காது. பிரித்தேன். "மேற்பார்வை: பால்சாமி, ஏலக்காய் ஏஜெண்டு ஆபீசு, போடிநாயக்கனூர்" என்று கோத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். யாரையும் கை நீட்டித் தொடவில்லை.

ஓரத்துண்டுகளை எடுத்து அடித்தேன். இருநூறு சீட்டு வந்தது. படிக்கத் தெரியாதவன் தலைகீழாக ஒட்டிவிடக்கூடாதே என்று மூலையில் அந்தக் கிளியையும் போட்டேன். மறுநாள் பேச்சிமுத்து வாங்கிப் பார்த்துவிட்டு, "கல்யாணக் கிளியா மாமா" என்று வெட்கப்பட்டான். பிறகு மருதாயியிடம் போய், "கிளி வந்தா நான் கூப்புடுறேன்னு அர்த்தம். யாரும் படிச்சுச் சொல்லணும்னு காத்திருக்காத, கெளம்பி வந்துரு" என்று சொல்லியிருக்கிறான். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிளி இல்லாமல் வேறு சீட்டு அடித்துக் கொடுத்திருப்பேன்.

ஆடி பிறந்து முதல் கடிதம் வந்தது. தபால்காரர் ஆபீசுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். குடிசை போட்டாயிற்று, அடுப்புக்கு மூன்று கல் நல்லதாகக் கிடைத்தது, அனுப்பிவையுங்கள் என்று இருந்தது. படித்துவிட்டு, பெரிய எழுத்து வைக்கிற மேசையறையில் போட்டேன். எரிக்க மனம் வரவில்லை. விலாசம் ஒட்டிய உறையை அழிப்பது என் தொழிலுக்கு அடுக்காது.

பத்து நாளில் இன்னொன்று வந்தது. அதையும் அதே இடத்தில் வைத்தேன். ஆவணியில் தேவாரத்துக்குப் போனேன். போனவன் ஒரு வரி போடவில்லை, பிள்ளை இங்கே கிடந்து ஏங்க வேண்டாம், கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டும் என்று அக்காவிடம் சொன்னேன். ஆயம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. "எம் மகன் அப்படி மறக்குறவன் இல்லடா தம்பி" என்றாள். மருதாயி கூடையைக் கட்டிக்கொண்டு என்னோடு நடந்தாள். வழியில் ஒரே ஒரு தரம் கேட்டாள்: "அப்பு, மலையில மழ பேஞ்சா சீட்டு உரிஞ்சு போகுமா?"

"நான் காச்சுன பசைதான். உரியாது" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

அந்த இரண்டு மாசம் நன்றாக இருந்தது. மத்தியானம் சோறு கொண்டுவருவாள். பழைய மாதிரி கீழே கிடக்கிற எழுத்தைப் பொறுக்கிக் கொடுப்பாள். சிரிப்புதான் குறைந்துபோயிருந்தது. நாள் ஆக ஆகச் சரியாகும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் கிளி ஒட்டிய உறை ஒன்று வந்தது. வெற்றிட வரியில் மருதாயி பெயரும் இல்லை, ஆயம்மாள் பெயரும் இல்லை. "சுருளி தாயார் மாயக்காள்" என்று எழுதியிருந்தது. சுருளி அந்தப் பதினோரு பேரில் ஒருவன். எனக்கு முதலில் பிடிபடவில்லை. மறுநாள் "ராக்கு" என்று ஒன்று வந்தது, அது அந்தப் பதினோரு பேரில் இன்னொருவனான காசிமாயன் பெண்டாட்டி. அப்போதுதான் விளங்கிற்று. பேச்சிமுத்து தன் சீட்டை எல்லாருக்கும் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறான். கணக்கப்பிள்ளை விலாசத்தைப் படித்துக் காட்டியதும் அவனுக்கு ஒரே பெருமையாம். "எங்க மாமா வெவரமானவரு. தபால்காரங்கிட்ட விட்டா ஊரு சேர மாசம் ஆகும்னு தம் பேரப் போட்டிருக்காரு பாருங்கடா. அவரே கையோட கொண்டுபோய்ச் சேத்துருவாரு" என்று சொன்னானாம். இதை எனக்குப் பிற்பாடு சொன்னது சுருளி.

பெயர் வரி மட்டும் நிரம்பியிருந்தால் அந்தச் சீட்டு ஒருத்திக்கு மட்டும்தான் உதவியிருக்கும். இடம் விட்டதால் ஊருக்கே பொதுவாகிவிட்டது. இடம் விடச் சொன்னது அவன், ஐயா. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மாயக்காளுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். செவலைப் பசு கன்று போட்டுவிட்டதா, காளையா கிடாரியா என்று கேட்டிருந்தான். அரை நாள் நடந்தால் தேவாரம். கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் மாயக்காளுக்கு ஒன்று கொடுத்தால் பக்கத்து வீட்டு ஆயம்மாள், எம் மகன் கடுதாசி எங்கேடா என்பாள். உன் ஆபீசு பேர் இதில் ஏன் இருக்கிறது என்று யாராவது படித்தவன் கேட்பான். மருதாயிக்குத் தெரிந்துவிடும். கன்றுக்குட்டியைப் பற்றிய கடிதம்தானே, போகாவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று மேசையறையில் வைத்தேன்.

புரட்டாசியில் காய்ச்சல் வந்தது. இங்கே கீழேயும் வந்தது, தெருவுக்கு ரெண்டு பாடை போயிற்று, உங்களுக்கே தெரியும். மேலே அதோடு மலைக்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மலைக்கு அரிசி ஏற்றுகிற கழுதைக்காரர்கள் கூலிக் குடிசைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். அரிசியை மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறையில் வைத்துவிட்டு, மரத்தில் தொங்குகிற தபால் பையை மட்டும் கம்பால் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். அப்படி இறங்கிய பையில்தான் கடிதங்கள் வந்தன.

கண்ணுச்சாமி படுத்துட்டான், டோலிக்கு நாலு ஆள் அனுப்புங்க. இது முதல் கடிதம். நாலு பேர் படுத்துட்டாங்க, வெரசா வாங்க. காசிமாயன் செத்துட்டான், இங்கனயே புதைச்சிட்டோம், மிச்சப் பேரைத் தூக்க ஆள் வேணும். கணக்கப்பிள்ளை மலையாளத்துப் பக்கம் இறங்கி ஓடிட்டாரு, தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இல்லை. எல்லா உறையிலும் மூலையில் கிளி நேராக ஒட்டியிருந்தது. காய்ச்சலிலும் ஒருவன்கூடத் தலைகீழாக ஒட்டவில்லை.

ஒன்பது கடிதம். ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன். கல்நெஞ்சக்காரன் இல்லை நான். காசிமாயன் செத்த சேதியைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். டோலி தூக்கத் தேவாரத்திலிருந்து ஒரு ஆளுக்கு நாலு பேர் போக வேண்டும். போகிற அத்தனை பேருக்கும் காய்ச்சல் ஒட்டும். கடிதத்தை வைத்துக்கொண்டதால் ஒரு நாற்பது பேரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். அவர்கள் இறங்கி வந்தால் கடிதப் பேச்சும் கூடவே இறங்கி வரும் என்பதும் மனசில் இருந்தது. மறைக்கவில்லை.

ஐப்பசியில் தேவாரத்துப் பெண்கள் நாலைந்து பேர் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். மலையில் காய்ச்சல் என்று சந்தையில் காதில் விழுந்ததாம். அக்காதான் கூட்டிவந்தாள். வாசலில் வெயிலில் நின்றார்கள். முன்னால் மாயக்காள் நின்றாள்.

"அண்ணே, ஆபீசுக்கு மலைத் தபால் வருதுல்ல. எங்க ஆளுகளப் பத்தி ஏதும் சேதி வந்துச்சா?"

"ஒண்ணும் வரல தாயி" என்றேன்.

"ஊர்ல ஆம்பளைக டோலியக் கட்டிக்கிட்டு நிக்கிறாக. போய்ப் பாத்துட்டு வந்துரவான்னு கேக்குறாக. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் பின்னால் மேசையறை இருந்தது. ஒரு எட்டு எடுத்து வைத்தால் இழுத்துத் திறந்துவிடலாம்.

"கெட்ட சேதிக்குக் காலா வேணும், காத்தா பறந்து வந்துருமே" என்றேன். "ஒண்ணுன்னா கடுதாசி போட்டிருக்க மாட்டாங்களா? கடுதாசி வரலைன்னா சொகமா இருக்காங்கன்னு அர்த்தம். அந்தத் தோட்டம் ரொம்ப உள்ள. அங்கனைக்குக் காய்ச்சல் எட்டல. வீணா ஆள அனுப்பி நோவ வாங்கிட்டு வராதீக."

மாயக்காள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பயந்து அழவில்லை, ஆறுதலில் அழுதாள். "ஒங்க வாயில சக்கரயப் போட, அண்ணே. இப்பத்தான் வகுத்துல பாலை வாத்த மாதிரி இருக்கு" என்றாள். போகும்போது மடியிலிருந்து நாலு கருப்பட்டி எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். டோலியைப் பிரித்துப்போடச் சொல்லிவிடுங்கள் என்று அக்காவிடம் நானே சொன்னேன்.

கருப்பட்டியை மருதாயிக்குக் கொடுத்தேன். அவள் தின்னவில்லை.

கடைசிக் கடிதம் ஒரு வாரம் கழித்து வந்தது. கணக்கப்பிள்ளை ஓடிப்போன பிறகு வந்தவை போலவே இதுவும் அவர் கையெழுத்து இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்த பொன்னுமணி, அவனும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன், கரியால் எழுதியிருந்தான். பேச்சிமுத்து சொல்லச் சொல்ல எழுதியது. வெற்றிட வரியில் யார் பெயர் என்று பார்த்தேன். "பால்சாமி மாமா" என்று இருந்தது.

மனப்பாடமாக இருக்கிறது, சொல்கிறேன். "மாமாவுக்கு. ஒங்க ஒடம்பு எப்படி இருக்கு. எத்தனையோ கடுதாசி போட்டும் ஊர்ல இருந்து யாரும் வரலை. நீங்க கொண்டுபோய்க் குடுக்காம இருக்கிற ஆள் இல்லை. அதனால ஒங்களுக்குத்தான் காய்ச்சலோன்னு பயமா இருக்கு. நாங்க அஞ்சு பேர் மிச்சம். இதைப் பாத்தா நீங்களே ஆள் கூட்டிட்டு வந்துருவீகன்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். மருதாயிய மேல அனுப்பிறாதீங்க. கிளி வந்தாலும் வரவேணாம்னு சொல்லீருங்க. இங்க வந்தா பொழைக்க மாட்டா."

அத்தனை கடிதத்திலும் அது ஒன்றுதான் எழுதியவன் நினைத்த ஆளிடமே வந்து சேர்ந்தது. அவனும் நானும் ஒரே விஷயத்தைத்தான் விரும்பியிருக்கிறோம் என்று அதைப் படித்தபோது தெரிந்தது. வாய்விட்டு அழுதேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு, கடிதத்தை மற்றவற்றுக்கு அடியில் வைத்தேன். அதற்குள் மிச்சம் அஞ்சு பேரும் போயிருப்பார்கள் என்று தோன்றியது. போயிருக்கவில்லை. பேச்சிமுத்துவே இன்னும் எட்டு நாள் இருந்திருக்கிறான்.

கார்த்திகை ரெண்டாம் தேதி மத்தியானம். ஏஜெண்டு கூப்பிட்டார் என்று முன்கட்டுக்குப் போயிருந்தேன். மருதாயி சோறு கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தரையில் ஒரு பெரிய எழுத்து கிடந்திருக்கிறது. உருவம் பார்த்து, இது இந்த அறையில் இருக்க வேண்டியது என்று மேசையறையை இழுத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அறை சரியாக மூடாமல் இருந்தது. எழுத்து அதன் குழியில் இருந்தது. உறைகளில் மேலே இருந்த ஒன்று இல்லை. சோறு சூடாக இருந்தது. "அப்பு, சாப்புட்டுருங்க, நான் போறேன்" என்று வாசலிலிருந்து குரல் மட்டும் வந்தது. குரலில் பழைய சிரிப்பு இருந்தது. அதனால் எனக்கு ஒன்றும் சந்தேகம் வரவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். ஆனால் வந்தது.

சாப்பிட்டேன். பிறகு வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. எதிர்வீட்டு முனியாயி, "ஒங்க மக கூடையத் தூக்கிக்கிட்டு முந்தல் பாதையில போகுதே. கிளி வந்திருச்சு சின்னாத்தா, அவுக கூப்புட்டாகன்னு என் கன்னத்தக் கிள்ளிட்டுப் போச்சு" என்றாள்.

முந்தல் மலையடிவாரம். அங்கிருந்துதான் மெட்டுக்கு ஏற்றம். வேகமாக நடந்தேன். அடிவாரத்தில் விறகு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், இப்பத்தான் அந்த முதல் வளைவுல திரும்புச்சு, ஒரு சத்தம் குடுத்தா நிக்கும் என்றாள். அண்ணாந்து பார்த்தேன். கூடை தெரிந்தது. சேலை தெரிந்தது.

நான் சத்தம் கொடுக்கவில்லை.

கூப்பிட்டால் திரும்புவாள். திரும்பினால் கையில் அந்த உறை இருக்கும். இது என்னைக்கு வந்துச்சு அப்பு என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்ன பிறகு அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். முதல் ஏற்றத்திலேயே கால் வலித்துத் திரும்பிவிடுவாள் என்றும் நினைத்தேன். இன்னொரு வளைவில் கூடை மறுபடி தெரிந்தது. அதற்கப்புறம் மரம் மறைத்தது. மறுநாள் விருதுபட்டிக்கு இருபது பெட்டி போக வேண்டியிருந்தது, சீட்டு இன்னும் அடிக்கவில்லை. திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் தேவாரத்துக்கு ஆள் விட்டிருக்கலாம். மறுநாளும் விட்டிருக்கலாம். பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினேன்.

பதினாறாம் நாள் ஒரு கழுதைக்காரன் சுருளியைக் கழுதைமேல் போட்டுக்கொண்டு வந்தான். பதினோரு பேரில் அவன் ஒருவன்தான் மிச்சம். மருதாயி போய்ச் சேர்ந்தபோது பேச்சிமுத்துவைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்ததாம். உயிரோடு இருந்தவர்கள் சுருளியும் பொன்னுமணியும். பாதையில் ஆள் நடமாட்டம் கேட்டதும், மாமா வந்துட்டாரு என்று பொன்னுமணி எழுந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் அன்றே போய்விட்டான். என் பிள்ளை திரும்பி வரவில்லை. பேச்சிமுத்து போட்ட குடிசையில், அந்த மூன்று கல்லில் அடுப்பு மூட்டி, சுருளிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். ஆறாம் நாள் அவளுக்கும் குளிர் வந்திருக்கிறது. அவளைத் தூக்க அங்கே ஊர்க்காரர் யாரும் இல்லை.

சுருளி என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா, நீங்க நல்லா இருக்கீகளா? பேச்சிமுத்து ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அழுதுகிட்டே கெடந்தான்" என்றான். நேரே ஏஜெண்டிடம் போய் மேசையறையைத் திறந்து காட்டியது நான்தான். யாரும் என்னைப் பிடித்து இழுத்துவரவில்லை.

சீட்டு அடித்தது நான். கடிதங்களை வைத்துக்கொண்டது நான். வாசலில் நின்ற பெண்களிடம் பொய் சொல்லி, கட்டிய டோலியைப் பிரிக்கச் சொன்னதும் நான். பத்து பேர் சாவு என் தலையில். கையெழுத்துப் போடுகிறேன். இந்தக் காகிதமெல்லாம் மதுரைக்கு அனுப்புவீர்கள் என்றால் உறையின் விலாசத்தை ரைட்டர் ஐயா கொஞ்சம் தெளிவாக எழுதட்டும்.

பத்து என்பதைப் பதினொன்று என்று எழுதியிருக்கிறாரே, அதைத் திருத்தச் சொல்லுங்கள். மருதாயி அந்தக் கணக்கில் வரமாட்டாள். கடைசி வரைக்கும் அவளை மலைக்கு அனுப்பச் சம்மதிக்காதவன் நான் ஒருவன்தான்.